பாத்ரூம் பாயிண்டு

முப்பத்தொன்பது ரூபாய் ஐம்பது பைசா. குளிப்பாட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தபடியே ராஜமேரி அந்தத் தொகையை இரண்டாம் தடவையாகச் சொன்னாள்.

“பதினாலு லைட்டு பாயிண்டு, பாயிண்டுக்குக் கூலி நாலே கால் ரூவா. அட்வான்ஸ் இருவது போவ அவ்வளவு வரணும். பத்து மாசமா இழுத்தடிக்கறான் அந்த முனிராஜு. அது வந்தாத்தான் பெட்டி செய்யற ஆசாரிக்குக் குடுக்க முடியும், தம்பி.”

ஸ்தனிஸ்லாஸ் செத்துப்போன அண்ணன் சவரியின் வலது கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் வெந்து வெளுத்திருந்தன. எத்தனை தடவை தேய்த்தாலும் கருகல் வாடை போகவில்லை. நேற்றிலிருந்து அது அவன் மூக்கிலேயே இருந்தது. காலையில் குடித்த டீயிலும் அதே வாடை.

பந்தலில் உட்கார்ந்திருந்த பங்காளி அருள்நாதன் இரண்டாவது டம்ளருக்குக் கை நீட்டினார்.

“ஊரு பூரா ஒயரு இழுத்தவன். அவனையே கரண்டு அடிச்சுதுன்னா வேல சுத்தமில்லன்னுதான அர்த்தம்? சர்க்கர கம்மியா இருக்குது பாரு.”

“எம் புருசன் வேலய யாரும் கொற சொல்லக் கூடாது,” என்றாள் ராஜமேரி. “பதினோரு வருசம். அவுரு போட்ட லைனுல ஒரு கோழிக்குஞ்சு செத்திருக்குமா, சொல்லுங்க பாக்கலாம்.”

யாரும் நம்பினதாகத் தெரியவில்லை.

முனிராஜின் ரைஸ்மில்லை ஒட்டின வீட்டில் பாத்ரூம் பல்பு ஹோல்டர் உடைந்துவிட்டது என்று ஆள் வந்துதான் நேற்று அண்ணனும் தம்பியும் போனார்கள். வீட்டுக்கே கரண்டை நிறுத்த சவரி மெயின் பியூஸைப் பிடுங்கப் போனான். கூடத்திலிருந்து முனிராஜ் சத்தம் போட்டார்.

“டேய், ரேடியோவுல விலை சொல்றான். சுவிச்ச அமத்திட்டு வேலயப் பாருடா. அது பத்தாதா?”

சவரி தம்பியைப் பார்த்துச் சிரித்தான். “வுடு, நம்ம போட்ட லைனுதான.” சுவிட்சை அணைத்தான். ஈரத் தரையில் ஸ்டூலைப் போட்டு ஏறி, ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஹோல்டரைத் தொட்டான். அவ்வளவுதான். ஸ்டூலைப் பிடித்திருந்த ஸ்தனிஸ்லாஸின் மேல்தான் விழுந்தான். மூச்சு அப்போதே இல்லை.

முனிராஜ் வாசற்படியிலேயே நின்று சொன்னார்: “போலீசு கீலீசுன்னு போனீங்கன்னா அறுத்துப் பொட்டலமாக் கட்டிக் குடுப்பாங்க. மாரடைப்புன்னு சொல்லிடுங்க. சுருக்கத் தூக்குங்க, பொம்பளைங்க பொழங்கற எடம்.”

உடம்பைத் துடைத்து வேட்டி கட்டி முடித்தபோது மில்லில் வேலை பார்க்கும் மாது வந்து ஓரமாக நின்றான்.

“தனிசு, ஸ்டூலு, ஒயரெல்லாம் அங்கியே கெடக்குது. எடுத்துக்கச் சொன்னாரு மொதலாளி. அப்புறம்…” அவன் தரையைப் பார்த்தான். “ஊருலேர்ந்து ஒறம்பர வந்திருக்காங்களாம். பாத்ரூமு இருட்டா இருக்குதாம். அந்த ஹோல்டரையும் மாட்டிட்டுப் போவச் சொன்னாரு.”

ஸ்தனிஸ்லாஸ் வேலி ஓரம் போய்க் காறித் துப்பினான்.

“போயிட்டு வா,” என்றாள் ராஜமேரி. “காச வாங்காம வராத.”

அந்த பாத்ரூமைக் கழுவிவிட்டிருந்தார்கள். பினாயில் வாடை குப்பென்று அடித்தது. சவரியின் டெஸ்டர் மூலையில் கிடந்தது. ஸ்தனிஸ்லாஸ் சுவிட்சைப் பார்த்தான். அணைந்துதான் இருந்தது. கரண்டு இருக்கிறதா என்று டெஸ்டரை ஹோல்டரில் வைத்தான். எரிந்தது.

இந்தத் தடவை யாரையும் கேட்காமல், மெயினைப் பிடுங்கிவிட்டு வந்து சுவிட்சின் மூடியைக் கழற்றினான்.

கரண்டு வருகிற ஒயர் சுவிட்சுக்குள் போய்த்தான் பல்புக்குப் போக வேண்டும். இங்கே அது நேராக ஹோல்டருக்குப் போயிருந்தது. திரும்பிப் போகிற ஒயரைத்தான் சுவிட்சு வெட்டிக்கொண்டிருந்தது. அணைத்தால் பல்பு அணையும். கரண்டு மட்டும் ஹோல்டரிலேயே காத்திருக்கும்.

கம்பியின் முறுக்கு இடப்பக்கமாகப் போயிருந்தது. அண்ணன் வலது கைக்காரன். இடது கையால் முறுக்குகிறவன் இவன் ஒருவன்தான்.

பத்து மாசத்துக்கு முன்னால் இந்த வீட்டு வேலை நடந்தபோது சவரி ஒயர் வாங்கக் கடத்தூர் போயிருந்தான். “சுவரக் கொத்தி வெய்யி, கனெக்சன நான் வந்து குடுக்கறேன்,” என்று சொல்லிவிட்டுத்தான் போனான். எத்தனை நாளைக்கு உளியும் சுத்தியலுமாகவே இருப்பது என்று இவனே கனெக்சன் கொடுத்துவிட்டான். சாயங்காலம் வந்த அண்ணன், “எரியுதாடா?” என்றான். இவன் சுவிட்சைப் போட்டுக் காட்டினான். எரிந்தது. எரிந்தால் சரி என்று இவன் நினைத்தான். தம்பி செய்த வேலை என்பதால் அண்ணன் மூடியைத் திறந்து பார்க்கவில்லை.

ஸ்தனிஸ்லாஸ் ஒயரை மாற்றிப் போட்டான். புது ஹோல்டரை மாட்டினான். தன் கையைத் தன் வேட்டியில் துடைக்கவும் அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

பணத்தைக் கேட்டபோது முனிராஜ், “நானே வந்து குடுக்கறேன் போ. நாலு பேரு பாக்கட்டும்,” என்றார்.

சொன்னபடியே வந்தார். உபதேசியார் ஜெபம் முடித்து, பெட்டியில் சவரியைக் கிடத்தியிருந்த நேரம். மாலையைப் போட்டுவிட்டுச் சட்டைப் பையிலிருந்து நோட்டுகளையும் இரண்டு கால் ரூபாய்க் காசையும் எடுத்தார். நோட்டெல்லாம் மடிப்புக் கலையாதவை.

“செத்தவனுக்கு முனிராஜு பாக்கி வெச்சான்னு ஒருத்தன் பேசக் கூடாது. முப்பத்தொம்போது ரூவா அம்பது காசு. எண்ணிக்கடா.”

“பெரிய மனுசன்,” என்றார் அருள்நாதன்.

ஸ்தனிஸ்லாஸ் எண்ணினான். நாலு ஒரு ரூபாய் நோட்டையும் ஒரு கால் ரூபாய்க் காசையும் தனியே எடுத்து நீட்டினான்.

“இதென்ன?”

“பாத்ரூமு பாயிண்டுங்க. அது எங்கண்ணன் போட்டதில்ல. அவுரு கடத்தூரு போயிருந்த அன்னிக்கி நான் போட்டது. ஒயர மாத்திக் குடுத்துட்டேன். அதுக்குக் கூலி வராதுங்க.”

முனிராஜ் அந்தப் பணத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டார். காசைச் சட்டைப் பையில் போட்டு வெளியிலிருந்து ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“சரி. கணக்கு தீந்துது.”

மீதிப் பணத்தை ஸ்தனிஸ்லாஸ் ராஜமேரியின் கையில் கொடுத்தான். அவள் எண்ணிப் பார்த்து ஆசாரியிடம் கொடுத்தாள்.

மூடியைத் தூக்கி வைத்தார்கள். கூடப்பிறந்தவன் ஆணி அறைய வேண்டும் என்று யாரோ சொல்ல, ஸ்தனிஸ்லாஸ் சுத்தியலை எடுத்துக்கொண்டு குனிந்தான். ராஜமேரி வந்து அவன் பக்கத்தில் நின்றாள். அவன் கையிலிருந்து சுத்தியலை வாங்கி ஆசாரியிடம் நீட்டினாள். அவன் உள்ளங்கையில் நாலு ஆணிகள் இருந்தன. அவன் விரல் தன் மேலே படாமல், அவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டாள்.