ஹர்கிதாவிலிருந்து வந்த சம்பந்தி

மரியரட்ணத்துக்குப் பாதிக் கதை கேட்டாலே போதும். மீதியைத் தானே நிரப்பிக்கொள்வார். மகன் றொய்சன் தான் விரும்பிய எமேஷேயைப் பற்றி முதன்முதலில் வாய் திறந்தபோதும் அப்படித்தான் நடந்தது.

"அவை ஹங்கேரியன் ஆக்கள், அப்பா."

"ஹங்கேரியிலயிருந்தோ வந்தவை?"

"இல்லை, ருமேனியாவிலயிருந்து."

"அப்ப ருமேனியன் எண்டு சொல்லன்ரா."

றொய்சன் விளங்கப்படுத்துவதற்குள் தகப்பன் கராஜுக்குப் போய்விட்டார்.

எமேஷேக்குத் தாய் இல்லை. தச்சு வேலை செய்யும் தகப்பன் லயோஷ் மட்டும்தான். மாப்பிள்ளை வீட்டில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் சம்மதம் சொல்வதா இல்லையா என்று முடிவெடுப்பேன் என அவர் கறாராகச் சொல்லியிருந்தார். அந்த ஒருநாளுக்காக மரியரட்ணம் இரண்டு கிழமை பாடுபட்டார். லைப்ரரியில் ருமேனியாவைப் பற்றிப் புத்தகம் எடுத்தார். குளிக்கும்போதெல்லாம் ருமேனிய மொழியில் வணக்கம் சொல்லிப் பழகினார். கேக் அடிக்கும் அருள்நாயகியிடம் நீலம், மஞ்சள், சிவப்பு என்று ருமேனியக் கொடியையே கேக்காகச் செய்யச் சொன்னார்.

கொடிக் கேக்கில் சூடுபட்ட மனிதர்தான் இவர். போன வருடம் வேலையிடத்தில் இருபத்தைந்து வருடம் முடித்தபோது, கூட வேலை செய்யும் பற்றிக் இலங்கையின் சிங்கக் கொடி போட்ட கேக்கோடு வந்து நின்றான். மன்னாரிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர், கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். பதினொரு மாதமாகப் பற்றிக்கோடு பேச்சில்லை. அந்தக் கேக்குக்கும் இந்தக் கேக்குக்கும் உள்ள உறவு மட்டும் அவருடைய மண்டையில் ஏறவேயில்லை.

ஞாயிறு பூசை முடிந்து லயோஷ் மகளோடு ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியிலுள்ள மரியரட்ணம் வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்தார். மரியரட்ணத்தின் மனைவி அன்ரனெற்றுக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது. மரியரட்ணம் நெஞ்சை நிமிர்த்தி ருமேனிய வணக்கத்தைச் சொன்னார். லயோஷ் அதே மொழியில் பதில் சொன்னார், ஆனால் முகம் மலரவில்லை. பிறகு கேக் பெட்டி திறந்தது.

"நல்ல வேலைப்பாடு," என்றார் லயோஷ் ஆங்கிலத்தில். நீட்டிய கத்தியை வாங்கி, வெட்டாமல், தட்டுக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தார். எமேஷே நிலத்தைப் பார்த்தாள். றொய்சனின் முகம் செத்துப்போனது.

கத்தியை அப்படி வைப்பதன் அர்த்தம் மரியரட்ணத்துக்கு நன்றாகத் தெரியும். போன வருடம் அவரே வைத்த விதம்தான் அது.

"ஏதோ பெரிய பிழை விட்டிட்டன்," என்றார். "சொல்லுங்கோ, நீங்கள் ஆர்? எந்த இடம்?"

லயோஷ் கேக் பெட்டியின் மூடியைத் திருப்பி, சட்டைப் பையிலிருந்த பென்சிலால் கீறத் தொடங்கினார். ஹர்கிதா. ருமேனியாவின் நடுவே மலைகளுக்குள் கிடக்கும் மாவட்டம். மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவான சனம். நூற்றுக்கு எண்பது பேர் ஹங்கேரியர்கள். 1920இல் எல்லைக்கோடு மாறியபோது அவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, ஹங்கேரியாக இருந்த நாடு ருமேனியாவாக மாறிவிட்டது. 1952இல் தன்னாட்சிப் பிரதேசம் ஒன்று கொடுத்தார்கள். 1968இல் அதைக் கலைத்து மாவட்டங்களாக்கினார்கள். பக்கத்துப் பக்கத்தில் பிறந்து, ஒன்று மேற்கேயும் மற்றது தெற்கேயும் போகும் முரேஷ், ஓல்ட் என்ற இரண்டு ஆறுகளைக் கீறினார். அணைந்த எரிமலையின் வாயில் ஓர் ஏரியைக் கீறினார். அங்கத்தைக் குளிரைப் பற்றிக் கேட்டால், தங்கள் குளிரைப் பற்றி ஸ்காபரோக்காரர் இனி வாய் திறக்கமாட்டார்கள். பெந்தகோஸ்துத் திருநாளில் அங்கேயுள்ள மாதா கோவிலுக்கு லட்சக்கணக்கில் நடந்து வருவார்களாம்.

"எங்கட மன்னார் மடு மாதா கோயில் மாதிரியெல்லோ!" என்றாள் அன்ரனெற்.

மரியரட்ணம் அந்த மூடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இரண்டு கிழமை படித்த புத்தகத்தில் இந்த மலைகளை எப்படித் தாண்டிப் போனோம் என்று வெட்கமாக இருந்தது. "நூறு வருஷமா உங்கட பாஷையை விடாமல் வைச்சிருக்கிறியள். பெரிய ஆக்கள்தான்," என்று மனதாரச் சொன்னார்.

"அந்தக் கொடியில் எனக்குக் கோபமில்லை," என்றார் லயோஷ். "ருமேனியர்களில் எனக்கு நல்ல நண்பர்கள் உண்டு. நான் யாரென்று கேட்காமலே நீங்கள் முடிவெடுத்ததுதான் நொந்தது."

மரியரட்ணம் சிங்கக் கொடிக் கேக்கின் கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். லயோஷ் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பற்றிக் கெட்ட எண்ணத்தோடா கொண்டுவந்தார்?"

"இல்லை. பாவம், எனக்காக மினக்கெட்டுச் செய்விச்சவன்."

"இன்னும் அவரோடு பேசவில்லை?"

"இல்லை."

"அப்படியென்றால் நானும் உங்களோடு பதினொரு மாதம் பேசாமல் இருக்க வேண்டுமே," என்றார் லயோஷ். அவர் சிரிக்கவில்லை.

மரியரட்ணம் மகனைப் பார்த்தார். மேசையிலிருந்த போனை எடுத்தார். பற்றிக்கின் நம்பரை அழுத்தினார்.

"ஹலோ பற்றிக், நான் மரியரட்ணம். உன்ர கேக்கை அண்டைக்கு நான் சாப்பிட்டிருக்கவேணும். என்ர கதையையும் உனக்குச் சொல்லியிருக்கவேணும். மன்னிச்சுக்கொள். என்ர மகனுக்குக் கலியாணம் நடந்தால் நீ முதல் வரிசையில இருக்கவேணும்."

"நடந்தால் என்று ஏன் சொல்கிறீர்கள்?" என்ற லயோஷ், கத்தியை எடுத்து முதல் துண்டை வெட்டினார். "இது பற்றிக்குக்கு. எடுத்து வையுங்கள்."