நாலு கட்டை துரியோதனன்

என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பெட்டிக்குத்தான் வியாதி என்பார்கள். அவர்கள் விரலிலோ காதிலோ தொண்டையிலோ ஒரு குறையும் இருக்காது. ஆர்மோனியம் அபசுரமாகப் பேசுகிறது, கிராமபோன் இழுக்கிறது, கொஞ்சம் பாரு ஞானதாஸ் என்பார்கள். திறந்து பார்த்தால் உள்ளே எலிப்புழுக்கையைத் தவிர ஒன்றும் இருக்காது. உத்திரமேரூர் கடைத்தெருவில் இந்த ஜனங்களோடு மல்லுக்கட்டியே எனக்கு முன்மண்டை வழுக்கையாகிவிட்டது.

அதனால் அந்தப் பங்குனியில் சடையப்பன் தலையிலிருந்த ஆர்மோனியப் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னதைக் கேட்டதும் அவன்மேல் எனக்கு மரியாதை வந்தது.

"பொட்டில ஒரு கொறையும் இல்ல மேஸ்திரி. கொற எங்கிட்டதான் கீது."

சடையப்பனைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. மேல்பாக்கத்துக் கூத்து ஜமாவில் துரியோதனன் வேஷம் அவனுடையது. எனக்குக் கல்யாணமாவதற்கு முன்பிருந்தே அவன்தான் ராஜா. ஒவ்வொரு வருஷமும் திரௌபதி அம்மன் திருவிழாவில் ஐந்து கட்டைச் சுருதியில் பாடுகிறவன். ஐந்து கட்டை என்றால் சாதாரண மனுஷன் கத்தினாலும் எட்டாத உயரம். மைக் செட் வராத ஊரில் அந்த உயரத்தில் பாடினால்தான் கடைசியில் வேர்க்கடலை விற்கிறவளுக்கும் காது கேட்கும். அந்த உயரத்தில் நிற்க முடியாதவனுக்குக் கிரீடம் கிடையாது. அது ஜமாவின் சட்டம்.

"இப்ப அஞ்சுக்குப் போனா தொண்ட பிஞ்சுபூடுது. நாலு கட்டைன்னா நிக்கிறேன்" என்றான்.

"அப்போ நாலுல பாடேன். ஆர்மோனியம் வாசிக்கிறவன்கிட்டச் சொல்லு. இதுக்கு எதுக்குய்யா பொட்டியத் தூக்கிக்கினு இவ்ளோ தூரம் வந்த?"

"வேதகிரி அஞ்சாங் கட்டைல சுண்ணாம்புப் பொட்டு வெச்சிக்கினு கீறான் மேஸ்திரி. வெரலு அங்கேந்து நவுந்தா ஊரே பாக்கும். பீமன் வேசம் கட்ற எல்லப்பன் எப்படா எறங்குவான்னு காத்துக்கினு கீறான். அத்தொட்டுதான் கேக்கறேன். பொட்டு அங்கியே இருக்கட்டும். சத்தம் மட்டும் நாலு கட்டைல வரணும். முடியுமா?"

எனக்குக் கோபம் வந்தது. ஊரை ஏய்க்கிற வேலைக்கு நான் ஆள் இல்லை, பெட்டியைத் தூக்கு என்றேன். அவன் தூக்கவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் அவன் பெண்ஜாதி செங்கேணி சீசாவில் மிளகுக் கஷாயத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழாதபடி அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"வருசம் பூரா நான் பஞ்சாட்சரம் ஆண்ட நெலத்துல கூலிக்காரன். டேய் சடையான்னு கூப்பிட்டா ஓடுவேன். அதுல எனுக்கு வருத்தமில்ல. எங்கப்பனும் ஓடனவன்தான். ஆனா திருவியாவுல கிரீடம் வெச்சிட்டா அந்த ஆண்டயே எந்திரிச்சி நின்னு 'வாங்க மகாராஜா'ன்னு சொல்லி பரிவட்டம் கட்டணும். அது கோயிலு மொற. அந்தக் கொஞ்ச நாளத் தின்னுக்கினுதான் மேஸ்திரி நான் மீதி வருசத்த ஓட்றேன்."

எனக்குப் பாவமாக இருந்தது. இதற்குமேல் அதை அலங்கரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

ஆர்மோனியத்தின் உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பித்தளை நாக்கு உண்டு. காற்று பட்டால் அது துடித்துச் சத்தம் போடும். நடுவில் கறுப்புக் கட்டையும் இருப்பதால், ஒவ்வொரு நாக்கையும் கழற்றி வலப்பக்கம் இரண்டு இடம் தள்ளிப் பூட்டினால் பெட்டி முழுக்க ஒரு கட்டை இறங்கிவிடும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். தள்ளி வைக்கிற நாக்கு அந்தக் குழியைவிட மயிரிழை பெரிதாக இருக்கும். ஒவ்வொரு குழியையும் கத்தி நுனியால் சுரண்டி, காற்று கசியாமல் தேன்மெழுகு வைத்து அடைக்க வேண்டும். இடக்கோடியில் இரண்டு இடம் காலியாக நிற்கும். அதற்கு, நொடித்துப்போன ஒரு நாடகக் கம்பெனியிடம் எடைக்கு வாங்கிப் பரணில் போட்டிருந்த பழைய பெட்டியை உடைத்து இரண்டு நாக்கு எடுத்தேன். அந்தப் பெட்டியில் கரையான் தின்னாதது அவை மட்டும்தான்.

முடிந்ததும் சுண்ணாம்புப் பொட்டு வைத்த கட்டையை அழுத்தினேன். சடையப்பன் பாடினான். குரல் தயங்காமல் போய் நின்றது. கணீரென்று, கொஞ்சம் கனமாகக்கூட இருந்தது. கடைத்தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். செங்கேணி கஷாய சீசாவோடு உள்ளே ஓடிவந்தாள்.

"அஞ்சுலியா பாடன? வந்துடுச்சா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் திருப்புளியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"வந்துடுச்சி" என்றான்.

"நான் சொன்னேனில்ல, மொளகுதான் மருந்துன்னு" என்றாள் அவள். முகம் பூரித்துப் போயிருந்தது. அந்த முகத்தைப் பார்த்தபிறகு எனக்குச் செய்த வேலையில் இருந்த கொஞ்சநஞ்ச உறுத்தலும் போய்விட்டது.

பாரதக் கூத்துக்கு நான் போகிறவனில்லை. போனது பாதிரியார் காதுக்கு எட்டினால் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் என்னைக் கரித்துக்கொட்டுவார். ஆனால் மேல்பாக்கத்துச் செய்தி எல்லாம் கடைக்குத் தானாக வந்து சேர்ந்தது. இந்த வருஷம் சடையப்பன் பத்து வயசு குறைந்து பாடுகிறான் என்றார்கள். ஐந்து கட்டையில் அசையாமல் நிற்கிறான் என்று, கட்டைக்கும் குட்டைக்கும் வித்தியாசம் தெரியாதவன்கூட வந்து சொன்னான். எல்லப்பன் பாட்டு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்ததாம். அவனுக்கு இயல்பிலேயே கீச்சுக் குரல், இறங்கின சுருதி ஒட்டவில்லை. "இன்னாய்யா இது, பொட்டி மக்கர் பண்ணுது" என்று அவன் சொன்னதற்கு, ஆடத் தெரியாதவனுக்குத் தெரு கோணல் என்கிற கணக்கில் எல்லாரும் அவனைக் கிண்டல் செய்தார்களாம். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு தாங்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பஞ்சாட்சரம் விடவில்லை. அவர்தான் கோயில் தர்மகர்த்தா. தன் நிலத்து ஆள் இப்படிப் பாடுகிறானே என்று அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

துரியோதனன் சாய்கிற படுகளத்துக்கு முதல் நாள் மத்தியானம் சடையப்பன் வேர்த்து விறுவிறுத்து என் கடைக்கு ஓடிவந்தான். முகத்தில் அரிதாரம் சரியாகக் கலையாமல் காதோரம் சிவப்பாக அப்பிக்கிடந்தது.

"ஆண்ட பயயசீவரத்துலேந்து முகவீணக்காரர இட்டாறாரு மேஸ்திரி. நாளைக்கிப் படுகளத்துக்கு. எனுக்கோசரமாம்! இப்டிப் பாடறவனுக்கு முகவீண இல்லாம இன்னா மரியாதைன்னு சொல்றாரு."

கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தேன். முகவீணை ஊதுகிற குழல். முன்பெல்லாம் எல்லா ஜமாவிலும் இருக்கும். மேல்பாக்கத்தில் ஊதுகிறவர் செத்துப்போனபிறகு வெறும் பெட்டியை வைத்தே ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"அந்தக் கொயல எப்டியாச்சும் எறக்க முடியாதா?"

"அது மரம்யா. கடைசல் புடிச்சி தொள போட்ட அன்னிக்கே அதோட சுருதி முடிஞ்சிபோச்சி. கூத்துக்கு ஊதறவங்க அஞ்சுலதான் வெச்சிருப்பாங்க. வேணுன்னா பொட்டியக் கொண்டா, பயயபடி ஏத்தித் தரேன்."

"பொட்டிய ஏத்தலாம். என்ன ஏத்த முடியுமா?"

உண்மையைச் சொல்லிவிடு, இல்லாவிட்டால் தொண்டை கட்டிவிட்டது என்று படுத்துக்கொள் என்றேன். படுகளத்தன்று ராஜா படுத்தால் எல்லப்பன் தலைக்குக் கிரீடம் போய்விடும், அப்புறம் திரும்பி வராது என்றான்.

"ஒரு வேள அவுரு கொயலு நாலு கட்டையா இருந்துட்டா?" என்று வாசலில் நின்று கேட்டான்.

"இருக்கலாம்" என்றேன். இருக்காது என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு மேல்பாக்கம் போனேன். பாதிரியார் என்ன வேண்டுமானாலும் பிரசங்கம் செய்துகொள்ளட்டும்.

கோயிலுக்கு எதிரே வெட்டவெளியில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடந்தான். ஒரு வீட்டு நீளம் இருப்பான். அந்த உருவத்தைச் சுற்றி ராஜாவும் பீமனும் பாடிக்கொண்டே துரத்தி ஓட வேண்டும். கடைசியில் பீமன் மண் தொடையில் அடித்து ராஜாவைச் சாய்ப்பான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சுற்றுவட்டாரமே கூடியிருந்தது. செங்கேணி பெண்கள் வரிசையில் முன்னால் இருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் போய் நின்றேன்.

சடையப்பன் வந்தான். கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம், தோளில் புஜகீர்த்தி, கையில் கதாயுதம். எனக்கே ஒரு நிமிஷம் எழுந்து நிற்க வேண்டும்போல இருந்தது. நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். பஞ்சாட்சரம் நாற்காலியை விட்டு எழுந்து, "வாங்க மகாராஜா" என்று கும்பிட்டுப் பரிவட்டம் கட்டினார். செங்கேணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வேதகிரி சுண்ணாம்புப் பொட்டில் விரலை வைத்தான். முகவீணைக்காரர் ஊதினார்.

அந்த இரண்டு சத்தமும் மோதியதை நான் எப்படிச் சொல்வது? சாணைக்கல்லில் அரிவாள் வைத்ததுபோல் இருந்தது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. முகவீணைக்காரர் குழலை வாயிலிருந்து எடுத்தார்.

"பொட்டி எறங்கிக் கீதே."

"அஞ்சுதான்யா! வெரலப் பாரு!" என்று வேதகிரி விரலை எடுக்காமல் கத்தினான். விரல் ஐந்தில்தான் இருந்தது. பாவம், அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பொட்டிய மூட்றா" என்றார் பஞ்சாட்சரம். "முகவீண போதும். மகாராஜா தொடங்கட்டும்."

சடையப்பன் கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்துவிட்டான். என்னால் பார்வையைத் திருப்ப முடியவில்லை. அப்புறம் அவன் கதையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மெய்யான ஐந்து கட்டையில் பாடினான்.

முதல் அடியை எப்படியோ பிடித்துவிட்டான். கழுத்து நரம்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. இரண்டாவது அடி மேலே ஏறுகிற இடத்தில் குரல் பிளந்து, காற்று மட்டும் வந்தது. மறுபடி எடுத்தான். மறுபடியும் காற்று. எங்கோ ஒரு பையன் சிரித்தான். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். அவன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் அந்த உடைந்த சத்தத்தோடு மண் துரியோதனனைச் சுற்றி ஓட ஆரம்பித்தான். எல்லப்பன் அவனைத் துரத்தவில்லை, நின்ற இடத்திலேயே நின்றான். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. நான் செய்த வேலையில் ஒரு குற்றமும் இல்லை, ஒரு நாக்குகூடக் கசியவில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்ல?

பஞ்சாட்சரம் கோபத்தில் சொல்லவில்லை. அதையும் சொல்ல வேண்டும். அவர் இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

"டேய் சடையா, போதும் உட்றா. தொண்ட கட்டிக்கிச்சி. எல்லப்பங்கிட்ட கிரீடத்தக் குட்த்துட்டு இப்டி நெயலுக்கு வந்து குந்து."

சடையப்பன் ஓட்டத்தை நிறுத்தினான். கதையை அக்குளில் இடுக்கிக்கொண்டான். முதுகு தானாக வளைந்தது. கிரீடத்துக் கண்ணாடியெல்லாம் வெயிலில் மின்ன, இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு சொன்னான்.

"சரிங்க ஆண்ட."

கூட்டம் சட்டென்று அடங்கிப்போயிற்று. சிரித்தவர்களுக்கும் என்னவோ ஆகிவிட்டது. எனக்கு முன்னால் நின்ற செங்கேணி அழவில்லை. யாரிடமும் என்றில்லாமல், வெளியே கேட்காத குரலில் சொன்னாள்.

"அந்தக் கிரீடத்தக் கயட்டி வெச்சிட்டாவது சொல்லியிருக்கக் கூடாதா, பாவி மனுசன்."