மோடத்தில் நான் சேர்த்த வரி

அண்ணன் வீட்டு மோடம் செருப்பு அலமாரியின் மேல் இருந்தது. அதன் முன்னால் முக்காலி போட்டு, மடியில் கணினியை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தபோது, அண்ணன் கடைக்குப் போகாமல் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். அவனுடையது கண்ணாடி அறுக்கும் கடை. விரல்களில் எப்போதும் இரண்டு மூன்று பிளாஸ்திரி இருக்கும்.

"என் வீட்டு மோடத்துல என்ன நோண்டறே?"

"அப்பாவைப் பாக்க ஒரு வழி போடறேன்."

"என்னை வேவு பாக்கன்னு சொல்லு. சுத்தி வளைக்காதே."

அப்பாவுக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போய் நான்கு மாதமாகியிருந்தது. நான் வேலை பார்த்த ஊர் ரயிலில் ஆறு மணி நேரம். விடுப்பெல்லாம் தீர்ந்துவிட்டது. போனை அவர் காதில் வைக்கச் சொன்னால் அண்ணிக்கு அடுப்பில் ஏதாவது தீய்ந்துகொண்டிருக்கும். அதனால் எங்கள் அலுவலகத்தில் கழித்துப் போட்ட கேமரா ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். பழையதுதான், ஆனாலும் கழுத்தைத் திருப்பும், நான் பேசுவது அதில் கேட்கும். ஒரே சிக்கல், வெளியூரிலிருந்து அதை எட்ட வேண்டுமென்றால் மோடம் வழிவிட வேண்டும்.

மோடம் முரட்டுக் காவல்காரன் மாதிரி. வெளியிலிருந்து யார் வந்து தட்டினாலும் திறக்காது. இன்ன எண்ணைச் சொல்லித் தட்டினால் இன்ன இடத்துக்கு அனுப்பு என்று அதில் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். அதற்குப் பெயர் போர்ட் ஃபார்வர்டிங். வீட்டுக்குள் கேமராவுக்கு மாறாத எண் ஒன்று கொடுத்து, வெளியே தட்டுவதற்கு வேறோர் எண்ணைத் தேர்ந்து, இரண்டையும் அந்த வரியில் சேர்த்தேன். கேமராவைக் கூடத்தில் அப்பாவின் கட்டிலுக்கு எதிரே துணி அலமாரியின் மேல் வைத்தேன். மூன்றாவது முயற்சியில் என் போனில் அப்பாவின் கட்டில் தெரிந்தது.

பிறகு பாஸ்வேர்டு.

"அதை நான்தான் வைப்பேன்" என்றான் அண்ணன்.

"நீ வைச்சா நாளைக்கே மாத்திட்டு, மறந்துபோச்சுன்னு கையை விரிப்பே."

"நீ வைச்சா? என் வீட்டுக்குள்ள நீ எப்ப நுழையறே, எப்ப போறேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அரை மணி நேரம் இழுத்தோம். கடைசியில் அண்ணி கரண்டியோடு வந்தாள். "யாரும் வைக்க வேணாம். கம்பெனிக்காரன் போட்டது அப்படியே இருக்கட்டும். ஆளுக்கு ஆள் வாயைக் கிழிச்சுக்காதீங்க."

அதற்கு நாங்கள் இருவரும் தலையாட்டினோம். பல வருடங்களில் நானும் அவனும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. பாஸ்வேர்டை மாற்று, மாற்று என்று கேமரா மூன்று முறை கேட்டது. மூன்று முறையும் 'பிறகு' என்பதை அழுத்தினேன்.

ஊர் திரும்பியதும், அன்றாடம் காலை ஏழு மணிக்குக் கேமரா வழியாகச் செய்தித்தாளை அப்பாவுக்கு வாசித்தேன். அவர் நில அளவையாளராக இருந்தவர். சாலை, பாலம், எல்லைத் தகராறு என்று வரும் செய்திகளாகப் பொறுக்கி வாசிப்பேன். பிடித்திருந்தால் இடக்கையைப் போர்வையிலிருந்து எடுத்து லேசாக அசைப்பார். அந்த அசைவுக்காகத்தான் நான் நாள் முழுவதையும் ஓட்டினேன் என்று சொன்னால் மிகையில்லை.

மூன்றாவது வாரம், ஒரு காலையில் கேமரா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் மின்விசிறியை. நான் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"கேமராவை ஏன் திருப்பினே? அப்படி என்ன மறைக்கறே?"

"நானா? நேத்து நாங்க சாப்பிடறப்ப கழுத்தைத் திருப்பி எங்க தட்டையே பாத்துக்கிட்டிருந்தது நீதானே? என்ன குழம்புன்னு கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

"பொய் சொல்லாதே. நான் காலையில மட்டும்தான் வர்றேன்."

"ஆறு மணி நேரத் தூரத்துல உக்காந்துக்கிட்டு மேஸ்திரி வேலை பாக்கறே. துணி மாத்தறது யாரு? புண்ணுக்கு மருந்து போடறது யாரு? நீயா?"

"செய்யறதைச் சொல்லிக் காட்டறதுக்குன்னே செய்யறவன் நீ."

அவன் போனை வைத்துவிட்டான். மறுநாள் கேமராவின் மேல் துண்டு போட்டிருந்தது. நான் துண்டுக்கு வாசித்தேன். அப்பா கையை அசைத்தாரா என்று தெரியவில்லை.

நான்கு நாள் கழித்து, அப்பாவைப் பார்த்துக்கொள்ள வரும் நர்ஸம்மா மத்தியானத்தில் கூப்பிட்டார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. மதியத்துல அந்தப் பெட்டியில பேசறவர் யாரு? ஐயா ரொம்பப் பயப்படறாரு."

"யார் பேசறது?"

"ஆம்பளைக் குரல். என்ன பாஷையோ, ஒண்ணும் புரியல. நான் ஐயாவுக்கு உடம்பு துடைக்கறப்ப சிரிக்கறான். ஒருநாள் நாய் மாதிரி குரைச்சான். துண்டு போட்டும் விடல. உங்க வீட்டு ஆள் யாரோன்னு நினைச்சு இத்தனை நாள் வாயைத் திறக்கல."

அன்றிரவு ரயிலில் கிளம்பினேன்.

போனதும் அண்ணனை முன்னால் உட்கார வைத்து, கேமராவுக்குள் யார் யார் எப்போது வந்தார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன். அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். ஒருநாளும் பார்த்ததில்லை. திரை நிறைந்து கீழே போய்க்கொண்டே இருந்தது.

"இதுல நீ எது?"

"காலை ஏழு மணி."

"மத்ததெல்லாம்?"

"தெரியல. கம்பெனி போட்ட பாஸ்வேர்டு ஊருக்கே தெரியும். எண்ணைத் தட்டினவனெல்லாம் உள்ள வந்திருக்கான்."

அண்ணன் பிளாஸ்திரி ஒன்றைப் பிய்த்து எறிந்தான். "எங்கேயோ இருக்கற பொறுக்கி, நம்ம அப்பனுக்குப் பீ துடைக்கறதைப் பாத்துச் சிரிச்சிருக்கான். என்னைப் பிடிக்கத்தானே வச்சே? பிடிச்சிட்டியா?"

"பாஸ்வேர்டை மாத்தினா போதும். அஞ்சு நிமிஷ வேலை."

"அன்னைக்கு எங்க போச்சு அந்த அஞ்சு நிமிஷம்?"

"நீயும்தானே சரின்னே."

"கண்ணாடி அறுக்கறவன்டி நான். எனக்கு என்ன தெரியும்? நீதானே படிச்சவ!"

மோடத்தைத் திறந்து அந்த வரியைத் தொட்டேன். அழிக்கவா என்று கேட்டது. ஆம் என்றேன். கேமராவையும் கழற்றிப் பையில் போட்டேன்.

அப்பா விழித்திருந்தார். கட்டிலருகே போய், "அப்பா, நான்தான். வந்துட்டேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. துணி அலமாரியின் மேல், கேமரா இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, இடக்கையால் போர்வையை முகத்துக்கு இழுத்தார். "அப்பா" என்றேன் மறுபடியும். போர்வைக்குள் அவர் நடுங்குவது தெரிந்தது.

"பேசேன்" என்றான் அண்ணன் கதவருகிலிருந்து. "தினமும் பேசுவியே. பேசு."

சாயங்கால ரயில்வரை அவர் காலடியில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸம்மா வந்து தொட்ட பிறகுதான் போர்வை விலகியது.

அப்பா அதன்பின் பதினேழு நாள் இருந்தார். அண்ணன் கடைக்குப் போனதும் நர்ஸம்மா தன் போனில் என்னைக் கூப்பிட்டு, அதைத் தலையணை ஓரத்தில் வைத்துவிடுவார். "பேசிடாதீங்கம்மா, பெட்டியில குரல் கேட்டா ஐயா பயந்துடுவாரு" என்பார் முன்கூட்டியே. நான் அலுவலக மாடிப்படியில் நின்று, அப்பா மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.