வாய் திறக்காத வாரம்

ஓட்டலின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடத்தில் பெரியக்காவுக்கு ஓய்வு பெறும் முன் அது கடைசி வாரம். இந்த வாரம் வேலை செய்ய வேண்டாம், வேடிக்கை பார்த்தால் போதும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். துணி மடிக்கும் மேஜைக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு முக்காலி போட்டார்கள்.

"எல்லாத்தையும் சின்னவங்களே பாத்துக்கட்டும். நீங்க வாயே திறக்கக் கூடாது. நீங்க இல்லாம இந்த இடம் ஓடுதான்னு நான் பாக்கணும்" என்றார்.

"ஓடும் சார். ஓடாம எங்க போயிடும்?" என்றாள் பெரியக்கா. ஓடவே கூடாது என்று உள்ளே ஒன்று முணுமுணுத்தது. அதை அவள் அவருக்குச் சொல்வாளா என்ன?

உண்மையில் அவள் வாயைக் கட்டிப்போட்டதில் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை. அந்தக் கூடத்தில் பேசியது அவள் வாய் அல்ல, வலது புருவம். மெஷின்கள் போடும் இரைச்சலில் வேறு எதுவும் எடுபடாது. துணியைப் போட்டு மூடியதும், பட்டனை அமுக்கும் முன், யாராக இருந்தாலும் ஒரு தடவை திரும்பி அவள் முகத்தைப் பார்ப்பார்கள். புருவம் ஏறினால் நிறுத்து. சும்மா இருந்தால் ஓட்டு. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மெஷினைக் காட்டுவதற்கு முன்பே சின்னவள் இந்தப் புருவத்தைத்தான் காட்டுவாள்.

சின்னவள் என்றால் சின்னப் பெண் இல்லை. நாற்பதைத் தொடப்போகிறவள். பெரியக்காவின் கையில் பன்னிரண்டு வருஷம் வேலை கற்றவள். இந்த வாரம் நல்லபடியாக முடிந்தால் பெரியக்காவின் இடம் அவளுக்குத்தான். தனியாக வளர்க்கும் மகளிடம் வேறு சொல்லித் தொலைத்துவிட்டாள். அந்தப் பெண் இப்போதே அம்மாவை "ஹெட் மேடம்" என்று கூப்பிட்டுக் கேலி செய்கிறதாம். அதைச் சொல்லும்போது சின்னவளுக்கு முகமெல்லாம் பல்.

பெரியக்காவுக்கு வீட்டை நினைத்தாலே பயம். அவள் வீட்டுக்காரர் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிற வேலையை மத்தியானம் வரைக்கும் இழுக்க அந்த மனுஷன் கற்றுக்கொண்டுவிட்டார். முதல் மாதம் ஆபீசிலிருந்து சந்தேகம் கேட்டு போன் வந்தது. பிறகு வரவில்லை. இப்போதும் போன் அடித்தால் பதறியடித்துக்கொண்டு ஓடுவார். கடன் வேண்டுமா சார் என்று யாரோ ஒரு பெண் கேட்டால்கூட, அவளிடம் ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசிவிட்டுத்தான் வைப்பார். பெரியக்கா அதைச் சொல்லிச் சிரித்து அவரைப் போட்டு வறுத்தெடுப்பாள். அடுத்து தன் முறை என்று நினைக்கும்போது சிரிப்பு நின்றுவிடும்.

திங்கள், செவ்வாய், புதன். ஒரு குறையும் இல்லை. சின்னவள் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தாள். புருவம் ஏற வேண்டிய அவசியமே வரவில்லை. புதன்கிழமை சாயங்காலம் மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, நீங்க இருக்கும்போது ஓடின மாதிரியே ஓடுதே!" என்றார். பாராட்டுகிறாராம். பெரியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை ஓட்டலில் ஏதோ பெரிய மாநாடு. மத்தியானத்துக்குள் எல்லா அறைகளுக்கும் வெள்ளை விரிப்பு வேண்டும். சின்னவள் தள்ளுவண்டி நிறைய விரிப்புகளைக் கொண்டுவந்து, அள்ளி அள்ளிப் பெரிய மெஷினுக்குள் போட்டாள். அப்போதுதான் பெரியக்கா அதைப் பார்த்தாள். ஒரு விரிப்பின் மடிப்புக்குள்ளிருந்து சிவப்பாக ஒரு நுனி. சாப்பாட்டுக்கூடத்துக்குப் புதிதாக வந்த கைத்துண்டு. தண்ணீரைக் கண்டாலே சாயத்தைக் கக்குகிற சனியன். யாரோ அறைக்குச் சாப்பாடு வரவழைத்துவிட்டு, துண்டைப் படுக்கையிலேயே விட்டிருக்கிறார்கள். சின்னவள் நின்ற பக்கத்திலிருந்து அது தெரிய வழியில்லை. முக்காலியிலிருந்து பளிச்சென்று தெரிந்தது.

சின்னவள் மூடியைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். பெரியக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

புருவம் தானாக ஏறப் பார்த்தது. எத்தனை வருஷப் பழக்கம்! பெரியக்கா பல்லைக் கடித்து அதை அப்படியே பிடித்து நிறுத்தினாள்.

சின்னவள் பட்டனை அமுக்கினாள்.

மெஷினைத் திறந்தபோது உள்ளே இருந்ததெல்லாம் ரோஸ் நிறம். சின்னவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. மேலே வரவேற்பறையில் விருந்தாளிகள் பெட்டியும் கையுமாக நிற்கிறார்கள் என்று போனுக்கு மேல் போன். மேனேஜர் படியிறங்கி ஓடிவந்தார். "அக்கா, ஏதாவது பண்ணுங்க!"

அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே காத்திருந்தாள்! முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். பழைய விரிப்புகளை எங்கே அடுக்கியிருக்கிறது, எந்த மாடிக்கு முதலில் அனுப்ப வேண்டும், வெளுக்கும் மருந்து எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று கையும் காலும் பரபரக்க எல்லோரையும் விரட்டினாள். சாயங்காலத்துக்குள் விரிப்புகள் மறுபடி வெள்ளையாயின. எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள் என்பதை நினைத்துத்தான் பிறகு அவள் கூசிப் போனாள்.

எல்லாம் அடங்கியதும் சின்னவள் அவள் காலடியில் தரையில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"நல்ல வேளைக்கா, நீங்க இருந்தீங்க. பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி உங்க முகத்தைப் பாத்தேன். உங்க கண்ணுக்கும் அது படலைல்லக்கா?"

"படலடி" என்றாள் பெரியக்கா.

"அது ஒண்ணுதான்க்கா எனக்கு ஆறுதல். உங்க கண்ணுக்கே தப்பிச்சிருக்குன்னா, நான் எம்மாத்திரம்?"

பெரியக்கா மேஜையில் கிடந்த, ஏற்கெனவே மடித்த துண்டு ஒன்றை உதறி மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். சின்னவளின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

மறுநாள் காலை மேனேஜர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். சுற்றி வளைக்கவில்லை. "வெளியிலேருந்து ஒரு ஆளைப் பாக்கப் போறேன். அதுவரைக்கும் ஒரு ஆறு மாசம் அக்காவே இருங்க."

ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. பெரியக்கா பக்கத்தில் திரும்பினாள். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு, "என் தப்புதான் சார். அக்கா இருக்கிறதுதான் நல்லது" என்றாள். அவள் மகளை எப்படிக் கூப்பிட்டு இதைச் சொல்லப் போகிறாள் என்ற நினைப்பு வந்ததும் பெரியக்கா வாயைத் திறந்தாள்.

"அவ தப்பில்ல சார். சிவப்புத் துணி உள்ள இருந்ததை நான் பாத்தேன். பாத்துட்டும் பேசாம இருந்தேன்."

மேனேஜர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "நீங்களா? பாத்துட்டுச் சும்மா இருக்கிற ஆளா நீங்க? இவங்களைக் காப்பாத்தணும்னு பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிறீங்க. எனக்குத் தெரியாதாக்கா?"

"இல்ல சார், நெஜமாத்தான்…"

"போதும்க்கா. போற நேரத்துலயும் தனக்குக் கீழ வேலை பாக்குறவளை விட்டுக்கொடுக்கலை பாருங்க, இதுதான் தலைமை. உங்களுக்காக ஒரு சான்ஸ் தரேன். அந்த இடம் இவங்களுக்கே." சின்னவள் பக்கம் திரும்பினார். "என்னம்மா நிக்கிறீங்க? அக்காவுக்கு நன்றி சொல்லுங்க."

சின்னவள் நிமிர்ந்தாள். மேனேஜர் நம்பாததை அவள் நம்பிவிட்டாள். பன்னிரண்டு வருஷமாகப் படித்த முகம் அது, அவளுக்குத் தெரியாதா? பெரியக்காவின் வலது புருவத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ரொம்ப நன்றி, மேடம்" என்றாள்.

அன்றைக்கு அதன் பிறகு சின்னவள் ஒவ்வொரு துணியையும் தன் கையாலேயே உதறிப் பார்த்து மெஷினில் போட்டாள். முக்காலிப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. மற்றவர்கள் திரும்பினார்கள். பெரியக்காதான் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்குப் போனபோது வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். "என்ன ஆச்சு? என்ன சொன்னாங்க?"

செருப்பைக் கழற்றுகிற சாக்கில் பெரியக்கா நிமிராமல் நின்றாள்.

"நான் ரொம்ப நல்லவளாம்" என்றாள்.