இரண்டு டப்பா

சிவப்பு டப்பாவில் காலனிப் பிள்ளைகளின் பெயர்ச்சீட்டுகள், பச்சை டப்பாவில் மேலத்தெருப் பிள்ளைகளின் பெயர்ச்சீட்டுகள். தங்கச்செல்வி தன் கையால் எழுதி நான்காக மடித்துப் போட்டிருந்தாள். எதற்கு இரண்டு என்று இங்ரிட் ஆங்கிலத்தில் கேட்டாள். தங்கச்செல்வி பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் சிரித்துக்கொண்டு பச்சையைச் சிவப்புக்குள் கவிழ்த்து, மூடி போட்டுக் குலுக்கினாள். கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்றுதானே என்றாள்.

இங்ரிட்டோடு சேர்த்து ஒன்பது பேர், கடல் கடந்து வந்த இறையியல் மாணவர்கள். ஏழைகளோடு இரண்டு வாரம் இருந்து, வேலை செய்து, கற்றுக்கொண்டு போவது அவர்களுக்குப் பாடம். மதிப்பெண்ணும் உண்டு. பரளச்சிக்குத் தெற்கே கிடக்கும் இந்த ஊரில் ஜெபக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், காலனிக்குக் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினார்கள், கை கொப்புளம் போட்டதைப் படம் எடுத்துக்கொண்டார்கள். தினமும் சாயங்காலம் நோட்டில் ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்: இன்று யாரிடம் கிறிஸ்துவைக் கண்டாய்? அருப்புக்கோட்டையில் மிஷன் அலுவலகத்தில் வேலை பார்க்கும் தங்கச்செல்விதான் அவர்களுக்கு மொழிபெயர்ப்பு. அவள் பிறந்ததே இந்தக் காலனியில் என்பதால் பாஸ்டர் அவளை அனுப்பியிருந்தார்.

கடைசி வியாழக்கிழமை, இயேசு சாவதற்கு முந்தின இரவு சீடர்களுக்குச் செய்ததுபோல், சீட்டில் பெயர் வருகிறவரின் காலைக் கழுவும் ஆராதனை வைக்க வேண்டும் என்று மாணவர்கள் சொன்னபோது பாஸ்டர் தாடையைத் தடவினார். மேலத்தெருக்காரர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனாலும் வருவார்கள். சூரிய மின்சாரத்தில் ஓடும் மோட்டாரை மாணவர்களின் கல்லூரி வாங்கித் தருவதாக இருந்தது. அதை மாட்டப்போகும் போர்வெல் மேலத்தெருக் காசிராஜன் முதலாளியின் நிலத்தில் இருந்தது. "ரெண்டு டப்பா வச்சிரும்மா. அவுக பிள்ளைக அவுகளுக்குள்ள கழுவிக்கிரட்டும், நம்ம பிள்ளைக நமக்குள்ள" என்று மெதுவாகச் சொன்னார். அவ்வளவுதான் ஏற்பாடு. அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்ல வெட்கமாகவும் இருந்தது. தெரியாமலே முடிந்துவிடும் என்று விட்டுவிட்டாள்.

முதல் சீட்டை எடுக்க வந்தது ஜீவிதா. காசிராஜனின் மகள், டவுனில் கல்லூரி முதல் வருஷம். வெள்ளைக்காரர்களோடு இங்கிலீஷ் பேசிப் பார்க்கும் ஆசையில் இரண்டு வாரமும் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தவள். எடுத்த சீட்டைப் பிரிக்காமலே தங்கச்செல்வியிடம் நீட்டினாள். தங்கச்செல்வி பிரித்தாள். தன் கையெழுத்து. மாரிச்செல்வம் என்று இருந்தது. தன் தம்பி.

வேறு ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். அங்கே தமிழ் தெரியாதவர்கள் ஒன்பது பேர், மற்றவர்கள் சீட்டைப் பார்க்கவில்லை. ஆனால் இரண்டு வாரமாகக் காதில் விழுந்ததை விழுந்தபடியே சொல்லிப் பழகிய வாய், கண் பார்த்ததையும் அப்படியே சொல்லிவிட்டது.

மாரி எழுந்து நின்றான். கருவேல விறகை மண்ணால் மூடி எரித்துக் கரியாக்கும் முதலாளியின் கரிமூட்டத்திலிருந்து மூட்டைகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றி, ஓட்டிப்போய் இறக்குகிறவன். லோடு இறக்கிவிட்டு நேராக வந்திருந்தான். வேண்டாம் என்பதுபோல் அக்காவைப் பார்த்தான். இங்ரிட் அவன் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். ஜீவிதா பேசினுக்கு முன்னால் மண்டியிட்டுச் செம்பில் தண்ணீர் மோந்து அவன் காலில் ஊற்றினாள். தண்ணீர் கறுப்பாக இறங்கியது. இன்னொரு செம்பு. இன்னும் கறுப்பு.

"என்னண்ணே, மூட்டத்தையே கால்ல கட்டிட்டு வந்துட்டீகளா?" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். மாரியும் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பைத்தான் இங்ரிட் படம் எடுத்தாள்.

மேலத்தெருப் பெண்களில் இரண்டு பேர் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார்கள். காசிராஜன் அசையவில்லை. கடைசிவரை உட்கார்ந்திருந்தார். எல்லோரும் கைதட்டியபோது அவரும் தட்டினார். போகும்போது மாரியின் பக்கத்தில் நின்றார்.

"காலெல்லாம் சுத்தமாயிருச்சா தம்பி? பாத்து நடங்க, தரை ஈரமாக் கெடக்கு" என்றார்.

தங்கச்செல்வி காசிராஜனின் முகத்தைப் பார்த்தாள். பத்து வருஷமாக அவர் மாரியை 'ஏலே' என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

மாரி செருப்பைக் கூடத்து வாசலிலேயே மறந்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தான். விளக்கேற்றும் நேரத்துக்குள் அந்தப் படம் மாணவர்களின் கல்லூரி ஃபேஸ்புக் பக்கத்தில் ஏறி, ஜீவிதாவின் ஸ்டேட்டஸுக்கு வந்து, அங்கிருந்து ஊர் முழுக்கப் போய்விட்டது. அதற்குப் பிறகு ஜீவிதாவின் போன் அணைந்துவிட்டது.

"திருப்பூருக்குப் போயிருடா. சித்தப்பா மகன் நாகராஜு அங்கதான இருக்கான்" என்றாள் தங்கச்செல்வி.

"எதுக்கு? கழுவுனது அந்தப் பிள்ள. நான் சும்மா ஒக்காந்திருந்தேன்."

"ஒக்காந்திருந்ததுதான்டா."

அவன் காலை நீட்டி, தன்னுடையது இல்லை என்பதுபோல் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இப்ப ஓடுனா, தப்புப் பண்ணவன்னு ஆயிரும்" என்றான். பிறகு, "பேர வாசிச்சது நீதானக்கா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, மாணவர்களை மதுரைக்கு ஏற்றிப்போகும் பஸ் கூடத்து முன்னால் நின்றது. தங்கச்செல்வி இங்ரிட்டைத் தனியாகக் கூப்பிட்டு, மதுரை வரைக்கும் என் தம்பிக்கு ஒரு இடம் வேண்டும் என்றாள். ஏன் என்பதையும் இந்த முறை முழுசாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல இங்ரிட்டின் முகம் வெளுத்தது. ஓடிப்போய், அவர்களை அழைத்துப்போக பஸ்ஸோடு வந்திருந்த பேராசிரியரிடம் பேசினாள். அவர் கையிலிருந்த தாளைக் காட்டித் தலையசைப்பது தெரிந்தது. பட்டியலில் பெயர் இல்லாதவர்களை ஏற்றினால் இன்சூரன்ஸ் செல்லாதாம். திரும்பி வந்தவள் அழுதாள். படத்தை நீக்கிவிடச் சொல்கிறேன், ஜெபிக்கிறேன் என்றாள். கையிலிருந்த நோட்டு விரிந்து கிடந்தது. நேற்றைய தேதியில், அந்தக் கேள்விக்குக் கீழே, தங்கச்செல்வி சொல்லிக்கொடுத்த தமிழ் எழுத்தில் கோணல் மாணலாக மாரிச்செல்வம் என்று எழுதியிருந்தது.

நேற்றைய பிரசங்கத்தை இயேசு பாதம் கழுவியதோடு முடித்துக்கொண்டார்கள். மறுநாள் அவரைச் சிலுவையில் அறைந்த பக்கம் வரைக்கும் போகவில்லை. தங்கச்செல்வி சின்ன வயதிலிருந்து அந்தப் பக்கத்தையும் படித்திருக்கிறாள்.

பஸ் கிளப்பிய புழுதி அடங்கும் முன்பே வீட்டுக்கு வந்தாள். வாசலில் குட்டியானை இல்லை. அம்மா அருஞ்சுனை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது.

"மொதலாளி போன் போட்டாகடி. மூட்டத்துல லோடு இருக்காம், பாலவனத்தம் போகணுமாம். தம்பி இருக்காரான்னு கேட்டாக. கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. நீதான் என்னமோ பயந்துட்டு."

"எப்பப் போனான்?"

"இப்பத்தான். செருப்பு ஈரமா இருக்குன்னு வெறுங்காலோடயே வண்டிய எடுத்துட்டான். செருப்பக் கழுவி வச்சது நீதான?"

தங்கச்செல்வி கீழே பார்த்தாள். நிலைப்படிக்கு வெளியே மாரியின் செருப்புகள் இருந்தன. வாங்கிய நாளிலிருந்து கரி படிந்து நிறம் தெரியாமல் போனவை இப்போது நீலமாக, வார் இடுக்கில்கூட ஒரு பொட்டுக் கரி இல்லாமல், இன்னும் ஈரமாக, முனை தெருவைப் பார்க்க ஒட்டி வைக்கப்பட்டிருந்தன. போய்விடு என்று ஜீவிதா வைத்தாளா, கேலிக்கு வேறு யாராவதா என்று தெரியவில்லை.

தம்பிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஊருணிக்கு அந்தப் பக்கம், கருவேலங்காட்டுக்கு மேலே, மூட்டத்துப் புகை காற்றில்லாமல் ஒரே கோடாக நின்றது. செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவற்றிலிருந்து சொட்டிய தண்ணீர் கரிசலில் புள்ளி புள்ளியாக விழ, அந்தப் புகையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.