இரண்டு கம்பளிக்கு அந்தப் பக்கம்

கிட்வே நகரத்தில் இருக்கும் எங்கள் வீட்டின் படுக்கையறையை என் கணவர் கப்வே ரெக்கார்டிங் ஸ்டூடியோவாக மாற்றினார். எதிரொலியை அடக்கக் கனமான துணி வேண்டுமென்றார். அம்மா தன் இரண்டு கம்பளிகளையும் கொடுத்தனுப்பினாள். அவற்றை அறையின் குறுக்கே தொங்கவிட்டோம். மருமகன் மாமியாரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, நேரில் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது எங்கள் இனத்து வழக்கம். அதற்கும் கம்பளி வசதியாகப் போயிற்று.

முதலில் பாட வந்ததும் அம்மாதான், சர்ச் பாடகர் குழுவில் முன்வரிசைக்காரி. கம்பளிக்கு அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டி, பாடும் மைக்கின் முன் உட்கார்ந்தாள். எங்கள் மேசையிலிருந்த குட்டி மைக்கில் பேசினால் அவள் காதில் கேட்கும். "பாடும்மா" என்று நான்தான் சொன்னேன். அதன்பின் அந்தக் குட்டி மைக்கை என் மகா புத்திசாலிக் கணவர் அணைக்கவில்லை.

பாட்டு முடிந்தது.

"என்னடி இது, உங்கம்மா பாடுனாங்களா, இல்ல யாராவது ஆட்டை அறுத்தாங்களா?" என்றார் கப்வே.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பொத்தியும் சத்தம் வந்துவிட்டது.

எங்கள் பக்க ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் வந்தது. வழக்கப்படி என்னிடம்தான் பேசினாள்.

"மகளே, ஆடு இன்னொரு தடவை கத்தணுமான்னு உன் வீட்டுக்காரர்கிட்ட கேளு."

கப்வே முகத்தைச் சட்டைக்குள் புதைத்துக்கொண்டார். நடுவில்தான் கம்பளி தொங்குகிறதே, யாரிடமிருந்து மறைக்கிறாராம்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"அவரைத் திட்டாதடி," என்றாள் அம்மா. "அவர் ஊரான் வீட்டுப் பிள்ளை. சிரிச்சது யாருன்னும் இந்த ஹெட்போன்ல நல்லாவே கேட்டுச்சு."