போணிக்கு முன் வந்த பத்து ரூபாய்

ஹப்சா டீச்சருக்குக் கணக்கு வந்தது கல்லாப்பெட்டியில். உளுந்தூர்பேட்டை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவளுடைய அத்தா ஷேக் பரீத் மளிகைக்கடை வைத்திருந்தார். ஏழு வயதிலேயே மகளை அரிசி மூட்டைமேல் உட்கார வைத்துச் சில்லறை கொடுக்கப் பழக்கினார். மீதிச் சில்லறைக்குக் கழித்தல் போடக் கூடாது என்பது அவர் கடைச் சட்டம். கழித்தால் தலை சுற்றும், கூட்டினால் கை தானாகப் போகும் என்பார். ஏழு ரூபாய்ச் சாமானுக்குப் பத்து ரூபாய் நோட்டு வந்தால், சாமானை நீட்டி ஏழு என்று சொல்லிவிட்டு, எட்டு, ஒன்பது, பத்து என்று ஒவ்வொரு காசாக எதிராளி கையில் வைக்க வேண்டும். பத்து வந்ததும் கணக்கு முடிந்தது. வாங்கியவருக்கும் சந்தேகமில்லை, விற்றவருக்கும் சந்தேகமில்லை.

எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில், மெயின்ரோட்டை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் சேர்த்து நடத்தும் டீச்சராக அவள் வந்தபோது இதையேதான் சொல்லிக் கொடுத்தாள். புத்தகம் கழி என்றது, இவள் கூட்டு என்றாள். காலி சோப்பு அட்டை, தீப்பெட்டி, பிஸ்கட் உறை எல்லாம் மேசைமேல் சரக்கு. காகித நோட்டும் அட்டைக் காசும் வைத்துக்கொண்டு பிள்ளைகள் கடை விளையாடினார்கள். எட்டு, ஒம்போது, பத்து என்று வகுப்பே கூரை பிய்ந்துபோகக் கத்தும். தலைமையாசிரியர் கந்தசாமி பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்து, இது பள்ளிக்கூடமா வாரச்சந்தையா என்று கேட்டுவிட்டுப் போவார்.

போன வருஷம் வரைக்கும் அது காதுக்கு இனிமையான சத்தம்தான். இந்த வருஷம் அதில் ஒரு குரல் கூடுதலாகக் கேட்டது.

ஜூன் மாதக் கடைசியில் முதல்முறை கேட்டாள். சரத்குமார் என்ற பொடியன் அன்றைக்குக் கடைக்காரன். ஏழு ரூபாய்க்குச் சோப்பு விற்று, சில்லறை எண்ணினான். வகுப்பு எட்டு என்றது, ஒன்பது என்றது, பத்து என்று நிறுத்தியது. எல்லா வாயும் மூடிய பிறகு கடைசி வரிசையிலிருந்து இன்னொரு எண்ணிக்கை வந்தது. எட்டு. ஒம்ம்போது. பத்து. 'ஒம்'மை இழுத்து, முன்பல் இல்லாத வாயிலிருந்து காற்று கலந்து வந்த குரல். ஹப்சா திரும்பினாள். கடைசி வரிசையில் பைகள்தான் இருந்தன. பிள்ளைகளில் ஒருவர்கூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அந்த இழுப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். பூமாலை மகள் தேவதர்ஷினி அப்படித்தான் எண்ணுவாள். அவள் செத்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

கூரைத்தகட்டின் எதிரொலி என்று மனதுக்குச் சமாதானம் சொன்னாள். மறுநாளும் வந்தது. ஏழு ரூபாயை விட்டுவிட்டு ஆறு ரூபாய்க்கு விற்கச் சொன்னாள், ஏழிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தது. கடை விளையாட்டையே நிறுத்திவிட்டுக் கரும்பலகையில் கூட்டல் போட்டாள். அங்கேயும், அவள் விடையை எழுதுவதற்கு அரை விநாடி முன்னால், முதுகுக்குப் பின்னாலிருந்து விடை வந்தது. ஒவ்வொரு முறையும் சரியான விடை. ஹப்சா குர்ஆனின் ஆயத்துல் குர்ஸி வசனத்தை ஓதி நெஞ்சில் ஊதிக்கொண்டாள். ஓதினால் பேய் போகலாம். செய்த காரியம் எங்கே போகும்?

அவள் செய்த காரியம் இதுதான். போன கார்த்திகையில், காகித நோட்டை வைத்து எத்தனை நாள் ஏமாற்றுவது, பிள்ளைகள் நிஜக் கடையில் நிஜக் காசு கொடுத்து மீதி வாங்கட்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை வந்தது. பள்ளிக்கூடத்துக்குள் நிஜக் காசு புழங்கக் கூடாது என்று கந்தசாமி ஏற்கெனவே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் ரகசியமாக ஆரம்பித்தாள். நாளைக்கு ஒரு பிள்ளை என்று திட்டம். வகுப்பிலேயே கெட்டிக்காரி தேவதர்ஷினி, அவள்தான் முதல். சாயங்காலம் மணி அடித்த பிறகு அவளை மட்டும் நிறுத்தி, பத்து ரூபாய் நோட்டு ஒன்றைக் கையில் கொடுத்தாள். காலையில் வரும்போது மாயவன் கடையில் எதையாவது வாங்கி, மீதியோடு வந்து, கணக்கை வகுப்பில் சொல்ல வேண்டும். அதுவரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது, வீட்டிலும் சொல்லக் கூடாது. அந்தப் பிள்ளை ஓட்டைப் பல் தெரியச் சிரித்துத் தலையாட்டிற்று.

மாயவன் கடை ரோட்டில் பள்ளிக்கூடம் இருக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. ரோட்டைத் தாண்ட வேண்டிய வேலையே இல்லை. ஆனால் அன்றைக்கு மாயவன் சரக்கு எடுக்கக் கள்ளக்குறிச்சி போய்விட்டு, ஒன்பது மணிக்குத்தான் கடை திறந்தான். முதல் ஆளாகப் பத்து ரூபாய் நோட்டோடு வந்து நின்றது தேவதர்ஷினி. போணி ஆகும் முன்னால் கல்லாவிலிருந்து சில்லறை எடுத்துக் கொடுத்தால் அன்று முழுக்க வியாபாரம் விளங்காது என்பது எந்தக் கடைக்காரனுக்கும் தெரிந்த வழக்கம். அப்புறம் வா பாப்பா என்று அனுப்பிவிட்டான். பள்ளிக்கூட மணிக்கு முன்னால் கணக்கு முடிய வேண்டுமே. பிள்ளை எதிர்ப்பக்கப் பெட்டிக்கடையைப் பார்த்து ரோட்டில் இறங்கிற்று. கரும்பு லோடு ஏற்றிய டிராக்டர் வந்துகொண்டிருந்தது.

ஷேக் பரீத் கடையிலும் முதல் வியாபாரத்துக்குச் சில்லறை கிடையாது. எத்தனையோ பேரை அத்தா திருப்பி அனுப்பியதை அந்த அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். ஊரில் வேறு யாருக்கு மறந்திருந்தாலும் ஹப்சாவுக்கு அது மறந்திருக்கக் கூடாது.

விபத்தை விசாரிக்க வந்தவர்கள் பிள்ளை ஏன் கடைக்குப் போனது என்று கேட்டார்கள். மிட்டாய் வாங்கத்தான் போயிருக்கும் என்றார் கந்தசாமி. ஹப்சா பக்கத்தில் நின்று தலையாட்டினாள். வீட்டில் கணவன் அன்சரிடம் மட்டும் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். போன உயிர் திரும்பாது, உன் வேலைதான் போகும், வாயை மூடிக்கொண்டிரு என்று அவன் சொன்னான். மூடிக்கொண்டாள்.

மூடிய வாய்க்குள் என்ன கிடந்தது என்பது இந்த ஜூன் மாதம்தான் அவளுக்கு முழுதாகத் தெரிந்தது. பூமாலை தன் சின்ன மகள் சந்தியாவை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்தாள். கூலி வேலை செய்து உரம் ஏறிய கை, ஒட்டிப்போன கன்னம். பெரியவள் போனதிலிருந்து புருஷன் கல்வராயன் மலைக்கு மரவள்ளி பிடுங்கப் போய்விட்டான், எப்போதாவதுதான் வருகிறான். சேர்க்கைத் தாளில் கைநாட்டு வைத்துவிட்டு, போகிற போக்கில் சொன்னாள்.

"இவ கையக் கொஞ்சம் பாத்துக்கோங்க டீச்சர். பெரியவளுக்குக் கை நீளம்னு ஒங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்."

வெளியூரிலிருந்து வந்துபோகும் ஹப்சாவுக்குப் புரியவில்லை. பூமாலை தரையைப் பார்த்துக்கொண்டே விளக்கினாள்.

"அவ சாவறதுக்கு மொத நாளு பையில பத்து ரூவா நோட்டு இருந்துது. எங்கடி எடுத்தன்னு கேட்டன். வாயத் தொறக்கல. வெளக்குமாத்தால அடிச்சன், அப்பவும் தொறக்கல. நோட்டப் புடுங்கி டப்பாவுல போட்டு வெச்சன். காலையில அதையும் எடுத்துக்கினு ஓடிட்டா."

எதிர்வீட்டுக் கொளஞ்சியம்மாள் எழவு வீட்டிலேயே, திருட்டுக் காசு உயிரை வாங்கிவிட்டது என்று சொன்னாளாம். அது தெரு முழுக்கப் பரவி, ஊர் முழுக்கப் பரவி, இப்போது அந்தப் பிள்ளையின் பெயரைச் சொன்னாலே ஜனங்கள் அதைத்தான் சொல்கிறார்களாம். பூமாலை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். ஹப்சா சேர்க்கைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மணி அடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். யாரிடமும் சொல்லாதே என்று இவள் சொன்ன ஒரு வார்த்தைக்காக ஏழு வயதுப் பிள்ளை விளக்குமாற்று அடி வாங்கியிருக்கிறது. டீச்சர் பணம் டீச்சர் கணக்குக்கே போக வேண்டும் என்று டப்பாவிலிருந்து திரும்ப எடுத்திருக்கிறது. அதற்கு ஊர் கொடுத்த பெயர் திருடி.

அந்த வாரம்தான் குரல் ஆரம்பித்தது.

சந்தியா சூட்டிகையான பிள்ளை, ஆனால் காசைத் தொடமாட்டாள். அட்டைக் காசையும் தொடமாட்டாள், காகித நோட்டையும் தொடமாட்டாள். கடை விளையாட்டு என்றாலே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொள்வாள். ஆடி பிறந்து முதல் வாரத்தில், பிள்ளைகள் தொல்லை தாங்காமல் ஹப்சா மறுபடி கடை விரித்தாள். சந்தியாவைக் கூப்பிட்டுக் கடைக்காரி ஆக்கினாள். அவள் கை முன்னால் வரவே இல்லை. ஏன் என்று ஹப்சா குனிந்து கேட்டாள்.

"காசத் தொட்டா அம்மா சூடு வெக்கும்."

இது விளையாட்டுக் காசுதானே என்றாள் ஹப்சா. அந்தப் பிள்ளை அசையவில்லை. சரி, வாயாலேயே சொல், ஏழு ரூபாய்க்குச் சோப்பு, பத்து ரூபாய் தந்திருக்கிறார்கள், மீதியைச் சொல் என்றாள். அந்தக் கணக்கை அவளுக்கு இன்னும் நடத்தவில்லை. சந்தியா கையைப் பின்னால் கட்டியபடியே எண்ணினாள். எட்டு. ஒம்ம்போது. பத்து. சந்தியாவுக்குப் பல் ஒன்றும் விழவில்லை, ஆனாலும் அந்தப் 'பத்தி'ல் காற்று கலந்திருந்தது.

யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஹப்சா கேட்டாள். அக்கா என்றாள் பிள்ளை. எப்போது என்று கேட்டாள் ஹப்சா.

"இப்பதான் சொல்லுச்சு," என்றாள் சந்தியா. சொல்லிவிட்டுக் கடைசி வரிசைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

 ஹப்சாவுக்குப் பயம் ஒரு பக்கம், அதைவிட வெட்கம். செத்த பிள்ளை இன்னும் ஒழுங்காகக் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது, உயிரோடு இருக்கிற டீச்சர்தான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருக்கிறாள். இந்தச் சின்னதும் அந்தப் பொய்யில் வளர்ந்து, காசைக் கண்டு நடுங்கிக்கொண்டே பெரியவளாகும். சொன்னால் வேலை போகலாம், ஊர் அடிக்க வரலாம். பூமாலையை நினைத்தால்தான் கால் பின்வாங்கியது. அடி வாங்கியது திருடி என்று நம்பிக்கொண்டாவது அவள் ராத்திரி கண் மூடுகிறாள், அதையும் பிடுங்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தாள். சொல்லாமலிருக்க நினைக்கிறவனுக்கு நியாயத்துக்கா பஞ்சம்? மூன்றாம் நாள், பள்ளி விட்டதும், சந்தியாவைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போனாள்.

பூமாலை அப்போதுதான் களையெடுத்துவிட்டு வந்து, வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். டீச்சரையும் மகளையும் சேர்த்துப் பார்த்ததும் அவள் முகம் இருண்டது. சின்னவளும் எதையோ எடுத்துவிட்டாள் என்று நினைத்து, அவளைப் பிடிக்கக் கை ஓங்கிக்கொண்டு வந்தாள். ஹப்சா குறுக்கே நின்றாள்.

"அந்தப் பத்து ரூபா என்னோடது, பூமாலை. கணக்குப் பழக நான்தான் தேவதர்ஷினி கையில குடுத்தேன். வீட்டுல சொல்லாதேன்னும் நான்தான் சொன்னேன். அவ திருடல."

ஓங்கிய கை இறங்கியது. தான் கேட்டது சரிதானா என்பதுபோல் பூமாலை டீச்சரின் வாயையே பார்த்தாள். ஹப்சா முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள், ஆசை வந்ததிலிருந்து தலையாட்டியது வரைக்கும். தன் பக்கத்துக்கு ஒரு நியாயமும் சேர்த்துக்கொள்ளவில்லை. அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள், அடித்தால் தேவலை என்றும் இருந்தது. பூமாலை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கழுவின கால் மறுபடி மண்ணாகியது.

"திருடினவளத்தான் அடிச்சன்னு இத்தினி நாளு மனசத் தேத்திக்கினு இருந்தன் டீச்சர். இனிமே இன்னா சொல்லித் தேத்திக்குவன்?"

 ஹப்சாவுக்கு அழுகை வந்தது, அதை அந்த வீட்டு வாசலில் அழத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றி அடக்கிக்கொண்டாள். பூமாலை எழுந்தாள். அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி வலித்தது.

எங்கே கூட்டிப்போகிறாள் என்று ஹப்சா கேட்கவில்லை. எதிர்வீட்டுக்குத்தான் முதலில் இழுத்துப்போனாள். கொளஞ்சியம்மாள் வெளியே வந்தாள், அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பேர் கூடினார்கள். சொல்லுங்க என்றாள் பூமாலை. ஹப்சா சொன்னாள். பணம் என்னுடையது, கொடுத்தது நான், சொல்லாதே என்றதும் நான், அந்தப் பிள்ளை எதையும் திருடவில்லை. கொளஞ்சியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ஹப்சா அடுத்த வீட்டுக்குத் திரும்பப் பார்த்தாள், ஆனால் மணிக்கட்டிலிருந்த பிடி தளரவில்லை.

"இன்னும் முடியல டீச்சர்," என்றாள் பூமாலை. "நா அடிச்சதையும் சொல்லுங்க."

 பூமாலை காத்திருந்தாள். பிறகு ஹப்சா அதையும் சொன்னாள், விளக்குமாற்றையும் சேர்த்து. அந்தத் தெருவில் பதினேழு வீடுகள். பதினேழு வாசலிலும் இரண்டையும் சொல்லி முடிக்க விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. ஒவ்வொரு வாசலிலும் பூமாலை பக்கத்தில் நின்று, தலையைக் குனியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.